பியோனி: நட்டு, பராமரித்து, பல பத்தாண்டுகள் பூக்க வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் கிராமத்து வீடுகளில், வாசலுக்கும் வேலிக்கும் இடையிலுள்ள சிறிய நிலத்தில் மூலிகை, காய்கறி, பூச்செடி என எல்லாவற்றையும் நெருக்கமாகக் கலந்து வளர்க்கும் தோட்டத்தைக் காட்டேஜ் தோட்டம் என்பர். அத்தகைய தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக நிலைத்து நிற்கும் செடிகளுள் பியோனிக்கு முதலிடம் தரலாம். குளிர்காலத்தில் தண்டும் இலையும் முற்றிலும் மடிந்துவிட, மண்ணுக்கு மேல் செடி இருக்கும் அடையாளமே தெரியாது. மார்ச் மாதத்தில் செந்நிற முளைகள் வெளிவரும். மே மாதத்திலும் ஜூனிலும், இரு கைகளையும் குவித்தால்தான் ஏந்த முடியும் என்ற அளவுக்குப் பெரிய மலர்கள் விரியும். நன்றாக நடப்பட்ட செடி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் அதே இடத்தில் பூக்கக் கூடியது. வீட்டின் உரிமையாளர்கள் இரண்டு மூன்று முறை மாறிய பிறகும் பூத்துக்கொண்டிருக்கும் பியோனிகள் அங்கே அரிதல்ல.

இவ்வளவு நெடிய ஆயுள் கொண்ட செடியைப் பற்றி அடிக்கடி கேட்கும் குறை ஒன்றுதான்: இலை செழிக்கிறது, பூ வருவதில்லை. இக்குறைக்கு உரத்திலும் மருந்திலும் தீர்வு தேடுவோர் பலர். பெரும்பாலும் காரணம் நட்ட ஆழத்தில் இருக்கிறது. பியோனிக்கு வேண்டிய கவனத்தில் பெரும்பகுதியை நடும் நாளிலேயே செலுத்திவிட வேண்டும் என்பதே என் கருத்து. அதன் பிறகு அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவைப்பதுதான் முக்கியமான பராமரிப்பு.

எந்தத் தட்பவெப்பத்திற்கு உரியது

பியோனியின் முளைகள் உறக்கம் கலைந்து எழுவதற்குக் குளிர் கட்டாயம். சில வாரங்களாவது ஐந்து டிகிரி செல்சியசுக்குக் கீழான வெப்பநிலை தொடர்ந்து கிடைத்தால்தான் அடுத்த பருவத்தில் மொட்டு உருவாகும். ஆகவே தமிழ்நாட்டின் சமவெளியிலோ இலங்கையின் தாழ்நிலங்களிலோ இதை முயல்வது வீண் செலவு. இந்தியாவில் இயற்கையாக வளரும் பியோனி ஒன்று உண்டு. காசுமீரம், இமாசலப் பிரதேசம், உத்தராகண்டம் ஆகியவற்றின் மலைக்காடுகளில் வெண்ணிறத்தில் பூக்கும் அதன் பெயர் பியோனியா எமோடி. கடுங்குளிரைத் தாங்குவதில் பியோனிக்கு ஈடான பூச்செடிகள் குறைவு. அதனால்தான் லண்டனைச் சுற்றியுள்ள தமிழர்களின் வீட்டுத் தோட்டங்களில் வளரும் அதே வகைகள், பனி உறையும் டொராண்டோவிலும் தயக்கமின்றி வளர்கின்றன. டொராண்டோவுக்குக் கிழக்கே உள்ள ஒஷாவா நகரத் தாவரவியல் பூங்காவில் பியோனிக்கென்றே ஒரு பெரிய தொகுப்பு இருக்கிறது. வகைகளை நேரில் பார்த்துத் தேர்ந்தெடுக்க விரும்புவோர் ஜூன் மாதத்தில் அங்கே செல்லலாம்.

வகையைத் தேர்ந்தெடுத்தல்

காட்டேஜ் தோட்டத்தின் பழைய பியோனி என்றால் அது தெற்கு ஐரோப்பாவைச் சேர்ந்த பியோனியா அஃபிசினாலிஸ். மடாலயங்களில் துறவிகள் இதன் வேரை மருந்துக்காக வளர்த்தனர். அங்கிருந்து வீட்டுத் தோட்டங்களுக்கு வந்த ‘ரூப்ரா பிளீனா’ என்ற அடர்சிவப்பு அடுக்கு மலர் இன்றும் மே மாதத்தில், மற்றவற்றுக்கு முன்பே பூக்கிறது. துறவிகளோடு பியோனிக்குள்ள தொடர்பைக் காட்டும் சுவையான சான்று ஒன்று பிரிஸ்டல் கால்வாயிலுள்ள ஸ்டீப் ஹோம் என்ற சிறு தீவில் இருக்கிறது. 1803-இல் அங்கே தானாக வளர்ந்துகொண்டிருந்த பியோனியா மாஸ்குலா செடிகள் கண்டறியப்பட்டன. முன்பு அத்தீவில் இருந்த மடத்தின் துறவிகள் நட்டவற்றின் வழித்தோன்றல்கள் அவை என்பதே பலரின் கருத்து.

இப்போது கடைகளில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை வட சீனா, மங்கோலியா, சைபீரியா ஆகிய நிலங்களுக்கு உரிய பியோனியா லாக்டிஃப்ளோராவிலிருந்து உருவானவை. சீனர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அதை மலருக்காகவும் மருந்துக்காகவும் வளர்த்து வருகிறார்கள். அது ஐரோப்பாவுக்கு வந்த பின், 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பிரான்சின் வளர்ப்பாளர்கள் அதிலிருந்து உருவாக்கிய வகைகள் இன்னும் விற்பனையில் உள்ளன என்பதே அவற்றின் தரத்துக்குச் சான்று. 1851-இல் வந்த ‘ஃபெஸ்டிவா மாக்சிமா’ வெண்மலரில் ஆங்காங்கே குங்குமச் சிதறல் தெளித்தது. 1856-இல் வந்த ‘டச்சஸ் டி நெமூர்’ இளமஞ்சள் சாயல் படிந்த வெண்மை, நறுமணத்தில் எனக்கு முதல் தேர்வு. 1906-இல் பிரெஞ்சு வளர்ப்பாளர் லெமுவான் உருவாக்கிய ‘சாரா பெர்னார்ட்’ இளஞ்சிவப்பில் பெரிதாகப் பூக்கும், கடைகளில் எளிதில் கிடைக்கும். ஆனால் மலரின் எடையைத் தண்டு தாங்காது. இங்கிலாந்தில் சாமர்செட் மாவட்டத்தின் லாங்போர்ட்டில் 1851-இல் தொடங்கப்பட்ட கெல்வேஸ் நாற்றுப்பண்ணை இவ்வினத்தில் ஏராளமான வகைகளை அளித்தது.

முதன்முறையாக வளர்ப்பவர் மலரின் வடிவத்தைக் காட்டிலும் தண்டின் வலிமையைக் கருதித் தேர்வது நல்லது. மழைநீர் நிரம்பிய அடுக்கு மலர்கள் தரையில் சாய்ந்து கிடப்பது ஜூன் மாத இங்கிலாந்தில் வழக்கமான காட்சி. 1949-இல் வந்த ‘பவுல் ஆஃப் பியூட்டி’ போன்ற, வெளியே ஓரடுக்கு இளஞ்சிவப்பு இதழ்களும் நடுவே மெல்லிய வெண்மஞ்சள் இழைகளும் கொண்ட வகைகளில் எடை குறைவு. மழையிலும் ஓரளவு நிமிர்ந்தே நிற்கும். குளிர்காலத்திலும் தண்டு மடியாமல் புதராக நிற்கும் மரப் பியோனிகளும், அவற்றைச் செடிப் பியோனியோடு கலந்து ஜப்பானின் தோயிச்சி இதோ முதன்முதலில் உருவாக்கிய கலப்பினங்களும் தனி இயல்புடையவை. மரப் பியோனியை நடும் முறையும் வேறு. இவ்வழிகாட்டி ஆண்டுதோறும் மண்மட்டம் வரை மடிந்து மீண்டும் முளைக்கும் செடிப் பியோனிக்கு மட்டும் உரியது.

இடமும் மண்ணும்

நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் படும் இடம் வேண்டும். இன்று வெயில் படுகிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. அருகிலுள்ள மரம் இருபது ஆண்டுகளில் எவ்வளவு நிழல் விரிக்கும் என்பதையும் கணிக்க வேண்டும், ஏனெனில் செடி அதுவரை அங்கேயே இருக்கப்போகிறது. பெரிய மரங்களின் வேர்கள் நீரையும் சத்தையும் பறித்துக்கொள்ளும் என்பதால் அவற்றிலிருந்து தள்ளியே நட வேண்டும். காலை வெயில் நேராக விழும் கிழக்கு மூலையையும், வசந்தத்தில் பின்பனி விழும் பகுதிகளில் தவிர்ப்பது நலம். இரவில் உறைந்த மொட்டு விரைவாகச் சூடேறும்போது கருகும்.

மண் களிமண்ணாக இருந்தாலும் பியோனி வளரும், அதைச் சத்தான மண்ணாகவே எடுத்துக்கொள்ளும். நீர் மட்டும் தேங்கக் கூடாது. இடத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. முப்பது செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி, அது நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அவ்விடத்தை விட்டுவிடுங்கள், அல்லது மண்ணை உயர்த்தி மேட்டுப்பாத்தி அமையுங்கள். மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 6.5 முதல் 7 வரை இருப்பது சிறந்தது. புளிப்பு மிகுந்த மண்ணில் நடுவதற்குச் சில வாரங்கள் முன்பே சிறிது சுண்ணாம்பு கலந்து விடலாம். ஏற்கெனவே பியோனி நின்று அகற்றப்பட்ட குழியில் புதிய பியோனியை நட வேண்டாம். பழைய மண்ணில் நோய்க்கிருமி தங்கியிருக்க வாய்ப்புண்டு.

வாங்கும் காலமும் பார்க்க வேண்டியவையும்

இங்கிலாந்தில் அக்டோபர், நவம்பர் மாதங்களும், கனடாவில் செப்டம்பர் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரையிலும் நடுவதற்கு உகந்த காலம். அப்போது செடி உறக்கத்துக்குப் போய்க்கொண்டிருக்கும், மண்ணில் மட்டும் இளஞ்சூடு எஞ்சியிருக்கும். குளிர் இறுகுமுன் வேர் பிடித்துக்கொள்ளும். மண் நீக்கிய கிழங்கு வேராக வாங்கினால், சிறு மரவள்ளிக்கிழங்குகளை ஒரே தலையில் கட்டிவைத்தது போல அது இருக்கும். அத்தலையில் நகக்கண் அளவில் சிவந்த முளைக்கண்கள் தெரியும். மூன்று முதல் ஐந்து முளைக்கண்கள் உள்ளதை வாங்குங்கள். ஒன்றிரண்டு மட்டும் உள்ளவை மலிவாகக் கிடைத்தாலும் பூப்பதற்குக் கூடுதலாக ஓராண்டோ ஈராண்டோ காத்திருக்க வேண்டும். கிழங்கை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். அமுங்கினாலோ பூசண வாடை வந்தாலோ அதைத் தவிர்க்க வேண்டும்.

தொட்டியில் வளர்ந்த செடிகளை வசந்தத்தில் பூவோடு விற்பார்கள். நிறத்தை உறுதிசெய்துகொள்ள அது வசதி. ஆனால் தொட்டிச் செடியிலேயே முளைக்கண்கள் அளவுக்கு மீறிய ஆழத்தில் புதைந்திருப்பது உண்டு என்பதால், தொட்டி மண்ணின் மட்டத்தை அப்படியே நம்பி நடக் கூடாது. மேல்மண்ணை விரலால் மெல்ல விலக்கி, முளைக்கண் எங்கே இருக்கிறது என்று கண்டறிந்து, அதை வைத்தே ஆழத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

நடுதல்

முதலில், செடிக்குச் செடி 90 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை இடைவெளி குறித்துக்கொள்ளுங்கள். காட்டேஜ் தோட்டத்தின் அழகே நெருக்கத்தில்தான் இருக்கிறது என்றாலும், பியோனியைச் சுற்றிக் காற்றோட்டம் இல்லாவிட்டால் பூஞ்சை நோய் வரும். குழியை 45 செ.மீ. அகலமும் ஏறத்தாழ அதே ஆழமும் இருக்குமாறு தோண்டி, அடிமண்ணைக் கவையால் குத்தித் தளர்த்துங்கள். தோண்டிய மண்ணோடு நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மக்கு உரம் ஒரு வாளியும், எலும்புத் தூள் இரண்டு கைப்பிடியும் கலக்கலாம். மக்காத சாணத்தை எக்காரணத்தைக் கொண்டும் வேரின் அருகில் போடக் கூடாது. கிழங்கு அழுகுவதற்கு அதுவே வழிசெய்யும்.

இந்தக் கலவையைக் குழியில் பாதிக்கு மேல் போட்டு, காலால் மிதித்து, ஒரு வாளி நீரூற்றி ஊற விடுங்கள். பலர் இப்படி இறுக்காமல் நட்டுவிடுகிறார்கள். குளிர்காலத்தில் தளர்ந்த மண் அமுங்கும்போது கிழங்கும் கூடவே இறங்கி, சரியான அளவில் நட்ட செடியும் ஆழத்துக்குப் போய்விடுகிறது. மண் அடங்கிய பின் நடுவில் சிறு மேடு அமைத்து, அதன் மேல் கிழங்கின் தலையை வைத்து, வேர்களைச் சரிவின் நாற்புறமும் விரித்துவிடுங்கள். முளைக்கண்கள் மேல்நோக்கி இருக்க வேண்டும்.

இனி அளவெடுக்க வேண்டும். ஒரு நேரான கோலைக் குழியின் குறுக்கே, இருபுறத் தரையிலும் படுமாறு வைத்து, அதன் அடிப்பக்கத்திலிருந்து மேல் முளைக்கண்ணின் நுனி வரை அளவுகோலால் அளந்து பாருங்கள். அந்த இடைவெளி 2.5 செ.மீ.க்குக் குறையாமலும் 5 செ.மீ.க்கு மிகாமலும் இருக்க வேண்டும். கடுங்குளிர்ப் பகுதிகளில் ஐந்தை ஒட்டியும், குளிர்காலம் மிதமான தெற்கு இங்கிலாந்து போன்ற இடங்களில் இரண்டரையை ஒட்டியும் வைப்பது பொருத்தம். இதற்கு மேல் புதைந்தால் முளைக்கண்ணுக்குப் போதிய குளிர் எட்டாது. செடி தண்டையும் இலையையும் மட்டும் அனுப்பும். அளவு சரியென்றால் மண்ணை இட்டு நிரப்பி, முளைக்கண்கள் முறியாதவாறு கை விரல்களால் அழுத்தி, மீண்டும் நீரூற்றி, மறுநாள் ஆழத்தைச் சரிபாருங்கள். செடி உறங்கும்போது யாரும் மண்வெட்டியால் வெட்டிவிடாமல் இருக்க, அருகில் ஓர் அடையாளக் குச்சியும் நட்டு வையுங்கள்.

முதல் மூன்று ஆண்டுகள்

முதல் வசந்தத்தில் ஓரிரு தண்டுகள் மட்டும் வரலாம். மொட்டு வந்தால், பட்டாணி அளவில் இருக்கும்போதே கிள்ளிவிடுவது கடினமான முடிவுதான். ஆயினும் வேருக்கு அது நல்லது. இரண்டாம் ஆண்டில் சில மலர்களும், மூன்றாம் ஆண்டு முதல் முழு வளர்ச்சியும் எதிர்பார்க்கலாம். இந்த ஆண்டுகளில் வறட்சியான வாரங்களில் ஆழமாக நீர் பாய்ச்ச வேண்டும். வேரூன்றிய பின் செடி சாதாரண வறட்சியைத் தானே தாங்கிக்கொள்ளும்.

உரம் மிகக் குறைவாகப் போதும். வசந்தத்தில் முளை வரும்போது சமச்சீர் உரம் ஒரு கைப்பிடியைச் செடியின் விளிம்பைச் சுற்றித் தூவி மண்ணோடு கிளறினால் போதுமானது. புல்தரைக்குப் போடும் தழைச்சத்து மிகுந்த உரம் இதன் மேல் சிதறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அது இலையை வளர்த்துப் பூவைக் குறைக்கும். மண்ணின் மேல் பரப்பும் மூடாக்கை இடுவதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு: செடியைச் சுற்றி இடலாம், தலைமேல் இடக் கூடாது. ஆண்டுதோறும் மேலே குவியும் மூடாக்கு, சரியாக நட்ட செடியையும் படிப்படியாக ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும்.

தாங்கு கம்பியும் மொட்டும் எறும்பும்

கனமான அடுக்கு வகைகளுக்கு வளையக் கம்பிகளை ஏப்ரலிலேயே, தண்டுகள் ஒரு சாண் உயரம் இருக்கும்போது வைத்துவிட வேண்டும். தண்டுகள் வளையத்துக்குள் வளர்ந்து கம்பியை மறைத்துவிடும். மே இறுதியில், சாய்ந்த பிறகு கட்டினால் செடி கயிற்றால் நெரித்த கட்டு போலத் தோன்றும்.

லாக்டிஃப்ளோரா வகைகளில் தண்டின் உச்சியில் ஒரு பெரிய மொட்டும், அதன் கீழே பக்க மொட்டுகளும் வரும். கண்காட்சிக்கு வளர்ப்போர் பக்க மொட்டுகளைக் கிள்ளி, தலை மொட்டை மட்டும் பெரிதாக்குவர். வீட்டுத் தோட்டத்துக்கு அது தேவையில்லை என்றே நினைக்கிறேன். பக்க மொட்டுகளை விட்டுவைத்தால் பூக்காலம் மேலும் பத்து நாள் நீளும்.

மொட்டின் மேல் எறும்புகள் ஊர்வதைக் கண்டதும் பூச்சிமருந்து தேடுவோர் உண்டு. மொட்டைச் சுற்றியுள்ள பச்சை உறையிதழ்களில் இனிப்பு நீர் சுரக்கிறது, எறும்புகள் அதைக் குடிக்கவே வருகின்றன. மொட்டுக்கு அவற்றால் தீங்கு இல்லை. எறும்பு இல்லாவிட்டால் பூ விரியாது என்பதும் உண்மையல்ல.

பூச்சாடிக்காக வெட்டுவதானால், மொட்டு நிறம் காட்டி, விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கும் பருவத்தில் அதிகாலையில் வெட்டுங்கள். கல் போல் கெட்டியான மொட்டு சாடியில் விரியாது. தண்டில் இரண்டு மூன்று இலைகளையாவது செடியிலேயே விட்டுவிட வேண்டும். அடுத்த ஆண்டின் பூவுக்கு வேண்டிய உணவை அந்த இலைகள்தான் தயாரிக்கின்றன. முதல் இரண்டு ஆண்டுகளில் வெட்டவே வேண்டாம். மென்பருவத்தில் வெட்டிய மொட்டுகளின் இலைகளை நீக்கி, செய்தித்தாளில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் படுக்கவைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். வெளியே எடுத்து, தண்டின் அடியைச் சற்று வெட்டித் தண்ணீரில் நிறுத்தினால் ஒரே நாளில் விரியும். பழங்களை, குறிப்பாக ஆப்பிளை, அதே பெட்டியில் வைக்கக் கூடாது. அவற்றிலிருந்து வெளியாகும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுக்கும்.

நோயும் பூக்காமையும்

பியோனியின் முதன்மையான நோய், பாட்ரைட்டிஸ் பூஞ்சையால் வரும் வாடல். ஈரம் மிகுந்த வசந்தத்தில், நன்றாக நின்ற இளந்தண்டு ஒன்று திடீரெனத் தலைசாயும்; மண்ணோடு ஒட்டிய அடிப்பகுதி பழுப்பாகிச் சுருங்கியிருக்கும், ஈரமான காலையில் அதன் மேல் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்திருப்பதைக் காணலாம். பாதித்த தண்டை மண்மட்டத்துக்குக் கீழே, நல்ல திசு தெரியும் வரை வெட்டி எடுத்துவிட வேண்டும். வெட்டியதை மக்கு உரக் குழியில் போடாமல் குப்பையோடு வெளியேற்றுங்கள். இந்தப் பூஞ்சையின் கடினமான கருநிற வித்துக்கட்டிகள் செடிக்கழிவிலும் மண்ணிலும் குளிர்காலத்தைக் கடந்து உயிரோடிருக்கும். இலையுதிர் காலத்தில் பழுத்த தண்டுகளை அடியோடு வெட்டி, விழுந்த இலைகளையும் பொறுக்கி அகற்றுவது இதற்கான மிகச் சிறந்த தடுப்பு. ஆனால் இலை பச்சையாக இருக்கும் ஆகஸ்டிலேயே, அழகாக இல்லை என்று வெட்டிவிடக் கூடாது.

சிறு மொட்டுகள் வந்து, பட்டாணி அளவிலேயே காய்ந்து போவது வேறு சிக்கல். இளஞ்செடி, வறண்ட வசந்தம், பின்பனி, ஆழமான நடவு, இவற்றில் ஏதேனும் காரணமாக இருக்கலாம். வயதான செடி பூப்பதை நிறுத்திவிட்டால், அக்டோபரில் தலைப்பகுதியின் மண்ணை விரலால் விலக்கி ஆழத்தை அளந்து பாருங்கள். ஐந்து செ.மீ.க்கு மேல் மண்ணோ மூடாக்கோ குவிந்திருந்தால், மேலே உள்ளதை அகற்றினாலே பல சமயம் போதும். ஆழம் சரியாக இருந்தால், நிமிர்ந்து பார்த்து மரக்கிளைகளைக் கணக்கிடுங்கள்.

பிரித்து நடுதல்

பியோனியை இடம் மாற்றினால் செத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. சாகாது, பூப்பதை இரண்டு மூன்று ஆண்டுகள் நிறுத்திவைக்கும், அவ்வளவே. கட்டாயம் நேர்ந்தாலன்றி மாற்ற வேண்டாம். மாற்றுவதானால் அக்டோபரில் தண்டுகளை வெட்டிவிட்டு, தலையிலிருந்து ஒரு முழம் தள்ளிச் சுற்றிலும் தோண்டி, வேர்த்தொகுதியை முழுதாக எடுங்கள். மண்ணைக் கழுவிய பின் உடனே வெட்ட வேண்டாம். நிழலில் இரண்டு மணி நேரம் வைத்தால், எளிதில் முறியும் கிழங்குகள் சற்றுத் துவண்டு வேலைக்கு இசையும். கூரிய, சுத்தமான கத்தியால் ஒவ்வொரு பகுதியிலும் மூன்று முதல் ஐந்து முளைக்கண்களும் தடித்த வேர்களும் இருக்குமாறு பிரித்து, அழுகியவற்றைச் செதுக்கி நீக்கி, மேலே சொன்ன அதே ஆழக் கணக்கில் புதிய இடத்தில் நடுங்கள். நாயும் பூனையும் உள்ள வீடுகளில் வெட்டிய வேர்த்துண்டுகளை வெளியே விட்டுவைக்கக் கூடாது. அதிலுள்ள பியோனால் என்ற பொருள் அவற்றுக்கு வயிற்றுக் கோளாறு உண்டாக்கும்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம் என்றாலும் அதற்குத் தனிப் பொறுமை வேண்டும். விதை முதலில் இளஞ்சூட்டில் வேரை மட்டும் விட்டு, பிறகு ஒரு குளிர்காலத்தைக் கடந்த பின்னரே முளையை மேலே அனுப்பும். பூப்பதற்கு மேலும் நான்கைந்து ஆண்டுகள் ஆகும். பெயர் பெற்ற வகைகளின் விதை தாய்ச்செடியைப் போலப் பூப்பதில்லை. ஆகவே வகை மாறாமல் வேண்டுமென்றால் கிழங்கைப் பிரிப்பதே வழி. காடுகளில் வளரும் பியோனியா எமோடி போன்ற தூய இனங்களுக்கும், புதிய நிறம் தேடுவோருக்கும் விதை உதவும்.